கைரேகை ஓர் அமானிதம்



மனிதனின் விரல் நுனிகளையும் செவ்வையாக்க வல்லவன் அல்லாஹ் என்பதை அல்கியாமா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் உணர்த்துகிறது. இன்று அதே விரல் நுனி கைபேசியைத் திறக்கிறது. நியாயவிலைக் கடையில் அரிசி பெற்றுத் தருகிறது. வங்கிப் பணத்தையும் எடுத்துத் தருகிறது. எனவே, கைரேகை இருக்க வேறு காவல் எதற்கு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

கைரேகை நம் அடையாளம். ஆனால் ரகசியம் அன்று. தேநீர்க் குவளையிலும் கைபேசித் திரையிலும் அதை நாமே பதித்துச் செல்கிறோம். 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே, கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி ரேகை செய்து அதைத் திறந்து காட்டினர் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அமைப்பினர். 2019இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 கைபேசியின் திரைமீது சிலவகை சிலிகான் உறைகள் இருந்தால், பிறர் விரலுக்கும் அது திறந்தது. நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தியது.

கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். விரலை மாற்ற இயலாது. உறங்குபவரின் உள்ளத்திலிருந்து ரகசிய எண்ணை எடுக்க முடியாது. அவர் விரலைத் திரையில் வைத்துவிட முடியும். அதைச் செய்பவர் கணவரோ மனைவியோ ஆயினும், துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுத்துள்ளதை மறக்கலாகாது.

கைரேகையைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. கைபேசியில் அது பெரும்பாலும் போதுமான காவலே. ஆதார் வழிப் பணப் பட்டுவாடாதான் கூடுதல் கவனத்துக்குரியது. ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் விரலும் இருந்தால், ரகசிய எண் இல்லாமலேயே அதில் பணம் எடுக்கலாம்.

எங்கள் திருப்புட்குழி போன்ற ஊர்களில் வயல்வேலையால் ரேகை தேய்ந்த மூதாட்டியர் பலர் உள்ளனர். "பதியவில்லை, மறுபடி வையுங்கள்" என்றால் மறுபேச்சின்றி வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் எதற்காக வைக்கிறோம் என்பதை அவர்கள் அறியார். பிள்ளைகள் உடன் செல்லுங்கள், திரையிலுள்ள தொகையைப் படித்துச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கும் வசதியும் உண்டு. நியாயவிலைக் கடைக்குச் செல்லுமுன் திறக்க மறவாதீர்கள்.

பெற்றோரின் விரல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணிக் காக்க அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக. ஆமீன்.