மின்சாரக் காரும் காரைக்கால் ஜனங்களும்

மின்சாரக் கார் வாங்க எண்ணுவோர் முதலில் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் எத்தனை தூரம் ஓடும்? ஏற்றுவதற்கு எத்தனை நேரம் பிடிக்கும்? கேள்விகள் நியாயமானவையே. ஆனால், நாள்தோறும் நாம் போகவேண்டிய தூரம் எவ்வளவு என்று கேட்பார் அரியர். அதை அறியாதவரையில் மற்ற இரண்டுக்கும் கிடைக்கும் விடையால் பயனில்லை.

காரைக்கால் பிரதேசத்தின் விஸ்தீரணம் சுமார் 160 சதுர கிலோமீட்டர். தருமபுரத்தில் வசிக்கும் ஒருவர் காரைக்கால் கடைத்தெருவுக்கும் திருநள்ளாற்றுக்கும் போய்வந்து, நாகப்பட்டினத்துக்கும் ஒரு நடை சென்று திரும்பினாலும் அன்றைய ஓட்டம் 60 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். 2020-இல் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பாட்டரி 30.2 யூனிட் கொள்வது. பரிசோதனைச் சான்று 312 கிலோமீட்டர் என்றது. குளிர்சாதனமும் சாலை நெரிசலும் அதைக் குறைக்கும். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று கண்டிப்பாய்க் கணக்கிட்டாலும் 180 கிலோமீட்டருக்குக் குறையாது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏற்றும். அன்று செலவான 10 யூனிட்டை வண்டிக்காரர் உறங்கும்போதே மூன்றரை மணியில் ஈடுசெய்துவிடலாம். இதற்கு அதிவேக நிலையம் எதற்கு?

தூரப் பிரயாணத்தின் கதை வேறு. சர்க்கார் காரியமாகவோ ஜிப்மர் வைத்தியத்துக்காகவோ புதுச்சேரி செல்வோர் சுமார் 130 கிலோமீட்டர் போகவேண்டும். திரும்பிவர வழியில் மின்சாரம் தேவை. அதிவேக நிலையத்திலும் பாட்டரி 80 சதவிகிதம் நிறைந்தபின் வேகம் குறையும். பாட்டரியைக் காக்கவே அந்த ஏற்பாடு. ஆகையால் நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2019-இல் விதித்த நெறி உசிதமானதே. ஆனால் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பாதையின் பெரும்பகுதி தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறது. பாட்டரி எல்லைக்கல்லைப் பார்த்து ஓடாது. சிதம்பரத்திலும் கடலூரிலும் நிலையங்கள் சீராய் இயங்காவிட்டால் காரைக்காலில் எத்தனை அமைத்தாலும் குறை தீராது. இரு சர்க்கார்களும் கூடிப் பேசித் திட்டமிடவேண்டும்.

2024-இல் மத்திய சர்க்கார் அறிவித்த 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தில் மின்னேற்று நிலையங்களுக்கு 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. இத்தகைய பணம் பகட்டான யந்திரங்களில் மட்டும் முடங்கலாகாது. சொந்தக் கொட்டகை இல்லாத குடக்கூலிக்காரரும் வாடகை வண்டியோட்டியும் இரவில் எங்கே பிளக் மாட்டுவர்? தெருவோரத்திலும் சந்தைத் திடலிலும் சாதாரண பிளக்குகள் பல அமைப்பதே அவர்களுக்கு உபகாரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரம் தடையின்றி வரவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இக்கடற்கரையைத் தாக்கியபோது கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் கிடந்ததை ஜனங்கள் மறக்கவில்லை. புயலுக்குத் தாங்கும் கம்பிகள் இல்லையேல் எத்தனை பெரிய பாட்டரியும் சுமையே. காரின் வேகத்தைப் பற்றிப் பேசுமுன் கம்பியின் உறுதியைச் சர்க்கார் கவனிக்கட்டும்.