கையை எடும்மா!

அலுவலக வேலையை விட்டுவிட்டு, 29 வயதில் மசாஜ் சிகிச்சை படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. “எண்ணெய் தேய்க்க ஒரு படிப்பா?” என்றார். அவரிடம் இதுவரை சொல்லாத சம்பவம் இது.

எங்கள் பயிற்சி நிலையத்தில் பாடங்கள் முடிந்ததும் மாணவர் கிளினிக் தொடங்கும். சனிக்கிழமைகளில் பொதுமக்கள் வருவார்கள். திரைக்கு ஒரு மாணவர். டீச்சர் ஒவ்வொரு திரையாக வந்து பார்ப்பார். படிவத்தைப் படித்து, விசாரித்து, டீச்சரிடம் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அன்று காப்பாரிலிருந்து ஓர் ஆன்ட்டி வந்தார். “இடது கெண்டைக்கால் நாலு நாளா இழுக்குது. நல்லா அழுத்திப் பிடிச்சு விடு கண்ணு.” படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே இருந்தது. டீச்சர் பக்கத்துத் திரையில் இருந்தார். வெறும் பிடிப்புதானே என்று நான் காத்திருக்கவில்லை.

விரல் பட்டதும் கால் சூடாக இருந்தது. பிடிப்பென்றால் அப்படித்தான் இருக்கும் என நினைத்து, கட்டை விரலை அழுத்தப் போனேன்.

“கையை எடும்மா.”

டீச்சர் சத்தம் போடவில்லை. அளவு நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு கால்களையும் அளந்தார். இடது கால் 4 செ.மீ. அதிகம். “அண்மையில ஆபரேஷன் ஏதும் செஞ்சீங்களாம்மா?”

“மூணு வாரத்துக்கு முன்ன கர்ப்பப்பைய எடுத்தாங்க. அது வயிறு, இது காலு. அதான் எழுதல.”

பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலின் உள் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிப்பது அதன் அறிகுறி. அதை உருவிவிட்டால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிரே போகலாம். தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். தாளில் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை.

ஆன்ட்டியை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். மாலையில் அவருடைய மகள் அழைத்தார். ஸ்கேனில் கட்டி தெரிந்ததாம். மருந்து கொடுத்து வார்டில் வைத்திருக்கிறார்களாம். போனை வைத்த பிறகும் என் கை நடுங்கியது.

டீச்சர் திட்டவில்லை. ஆனால், அடுத்த நான்கு சனிக்கிழமைகளும் நான் யாரையும் தொடவில்லை. வருபவர்களை உட்கார வைத்து விசாரிப்பது மட்டுமே என் வேலை.

உங்கள் வீட்டில் யாராவது மசாஜுக்குப் போனால், ஆபரேஷன், மருந்து, வீக்கம் எதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றுமே கேட்காமல் எண்ணெயை எடுப்பவரிடம் காலை நீட்ட வேண்டாம்.

அம்மா, எண்ணெய் தேய்க்கப் படிப்பு வேண்டாம்தான். எப்போது தேய்க்கக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு.