ஊசி யார் கையில் குத்தியது?

மருத்துவமனையில் எல்லோரும் சேர்ந்து எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை இப்போது அளக்கிறார்கள். மருத்துவரும் செவிலியரும் ஒருவரையொருவர் மதிக்கிறார்களா, கலந்து பேசி முடிவெடுக்கிறார்களா, தப்பு நடக்கும்போது வாய் திறந்து சொல்ல முடிகிறதா என்று கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். இதற்குக் 'குழுப்பணி அளவீடு' என்று பெயர். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கேள்வித்தாள் யார் கைக்குப் போகிறது?

வடசென்னைக்காரர்களான எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் அரசு ஆஸ்பத்திரிதான். ராயபுரத்தில் 1880-இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனையில் பிறந்து, பாட்டிமார் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் ஸ்டான்லியில் உயிர் பிழைத்தவர்கள் நாங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறிய மக்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். மணலியிலோ திருவொற்றியூரிலோ மிஷினில் கை சிக்கினால் ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் ஓடவேண்டும்.

நசுங்கிய கையை அறுவை நிபுணர் ஒட்ட வைக்கிறார். அதோடு அந்தக் கை பிழைத்துவிடுமா? செவிலியர் கட்டுப் பிரித்துக் கட்டவேண்டும். பிசியோதெரபிஸ்ட் மாதக்கணக்கில் விரலை மடக்கி நீட்டச் சொல்லித்தரவேண்டும். கட்டுப் போடும் அறையின் தரையையும் மேஜையையும் ஒருத்தர் ஒழுங்காகத் துடைத்திருக்கவேண்டும். அவர் துடைக்காவிட்டால் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்தால் நிபுணரின் ஆறு மணி நேர உழைப்பு வீண். இவ்வளவு பேர் சேர்ந்ததுதான் ஒரு கை.

ஆனால் அளவீட்டுத் தாளில் இவ்வளவு பேர் இல்லை. உலகெங்கும் பயன்படும் ஜெபர்சன் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் வெளிவந்தது, 15 கூற்றுகள் கொண்டது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு பற்றிய மனப்பாங்கை மட்டும் அது அளக்கிறது. அது உருவான அமெரிக்காவில் அது போதுமா என்பதை அங்கிருப்பவர்கள் பேசிக்கொள்ளட்டும். இங்கே போதாது. இங்கே மருத்துவமனையின் ஏணிப்படி வெறும் பதவியால் கட்டியது அல்ல, சாதியாலும் கட்டியது. கடைசிப் படியில் நிற்கும் துப்புரவுப் பணியாளர்களிலும் ஆயாம்மாக்களிலும் பெரும்பாலோர் எங்கள் தெருக்காரர்கள். அளவுகோலோ இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்கிறார். எந்த மருத்துவமனை என்று சொன்னால் நாளைக்கே அவருக்கு வேலை போகும். ஒருநாள் வார்டில் மஞ்சள் கவரைக் கட்டித் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி அவர் கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. மேஸ்திரி, "கையக் கழுவிட்டு வேலையப் பாரு" என்றார். ஒரு செவிலியர்தான் விடாமல் கூட்டிப்போய் மருத்துவரிடம் நிறுத்தினார். அந்தச் செவிலியரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்தான். 28 நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் ஊசிக்குத்துப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவில்லை. "நீ கம்பெனி ஆளு, ஆஸ்பத்திரி ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா எங்களிடம் சொன்னது இது: "ஊசிய அதுல போட்டது யாருன்னு ஒருத்தரும் கேக்கலப்பா. நான் ஏன் பாத்து எடுக்கலன்னுதான் கேட்டாங்க."

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் என்ன சொல்கின்றன? ஊசி மஞ்சள் கவருக்குள் போகவே கூடாது. குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள்தான் போகவேண்டும். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடவேண்டும். வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்யவேண்டும். கம்பெனி ஆள், ஆஸ்பத்திரி ஆள் என்று அந்த விதி பிரிக்கவில்லை. ஊசியைப் போட்டவர் படித்தவர், குத்து வாங்கியவர் எங்கள் அக்கா. அதே மாதம் அந்த வார்டில் ஜெபர்சன் அளவுகோலை வைத்திருந்தால் நல்ல மதிப்பெண்ணே வந்திருக்கும். மருத்துவரும் செவிலியரும் அங்கே சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"துப்புரவுப் பணியாளர் மருத்துவத் தொழிலர் அல்லவே, அவரை எப்படிக் குழுவில் சேர்ப்பது?" என்று சிலர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் கூட்டுப் பணிக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோய் கண்டறிவதும் சிகிச்சையும் மட்டுமல்ல, சிகிச்சை சாராத வேலையும் சுகாதாரப் பணிதான் என்று அது சொல்கிறது, அந்தப் பட்டியலில் துப்புரவுப் பொறியியலையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆக அறிவியல் எங்களை ஒதுக்கவில்லை. ஒதுக்குவது ஊர்ப் பழக்கம்.

மதிப்பெண் போடவேண்டும் என்று வந்தால் துப்புரவையும் அளக்கத் தெரிகிறது. ஒன்றிய அரசின் காயகல்ப் திட்டம் 2015 முதல் மருத்துவமனைகளின் சுத்தத்துக்கு மதிப்பெண் போட்டுப் பரிசு கொடுக்கிறது. பரிசு வாங்கும் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பரிசுத் தொகையில் ஒரு பங்கு பணியாளர் குழுவுக்கு ஊக்கத்தொகை. அந்தக் குழுவில் கம்பெனி ஆளுக்கு இடம் உண்டா? தரையின் சுத்தத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள், துடைத்தவளை எண்ணவே மறந்துவிடுகிறீர்கள்.

2020-இல் கொரோனா ராயபுரம் மண்டலத்தைப் புரட்டிப்போட்டபோது தூய்மைப் பணியாளர்களை 'முன்களப் பணியாளர்' என்றார்கள், கைதட்டினார்கள், பூத் தூவினார்கள். அப்போது குழுவில் இடம் இருந்தது. 2025 ஆகஸ்டில் அதே ராயபுரம் மண்டலத்தின் தூய்மைப் பணியாளர்கள், எங்களைத் தனியாருக்குத் தள்ளாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. செவிலியர்களும் இதைப் பார்த்தவர்களே. 2015-இல் மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள், 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் பெரிய டாக்டரின் தப்பை எப்படிச் சுட்டிக்காட்டுவார்? நிரந்தரமற்ற வேலையை வைத்துக்கொண்டு குழு உணர்வை அளப்பது, கையைக் கட்டிப்போட்டு நீச்சல் போட்டி நடத்துவது போல.

சாதியை அளக்க முடியாது என்ற சாக்கும் செல்லாது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரிக்க 2006-இல் தோரட் குழு அமைக்கப்பட்டது. மாணவர்களிடமே கேட்டது, 2007-இல் பாகுபாடு இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. கேட்க மனம் இருந்தால் பதில் வருகிறது.

சேர்ந்து வேலை செய்வதால் உயிர் பிழைக்கிறது என்பதும் ஊகம் அல்ல. அறுவைக்கு முன் குழுவில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் ஒரு படி. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெயர் சொல்லிக்கொள்ளச் சொல்லும் பட்டியல் அது. எங்கள் அக்காவுக்கும் பெயர் இருக்கிறது. பத்து வருடமாக அந்த வார்டில் அவர் "ஏ ஆயா"தான்.

பாபாசாகேப் 'சாதி ஒழிப்பு' எழுதி 90 வருடம் ஆகிறது. வேலையைப் பிரித்துக்கொள்வது வேறு, வேலை செய்பவரை மேல் கீழாக அடுக்குவது வேறு என்று அதில் அவர் விளக்கினார். மருத்துவமனைக்கு முதலாவது வேண்டும், இரண்டாவது கூடாது. இரண்டையும் குழப்பி அதற்குக் 'குழுப்பணி' என்று பெயர் வைப்பதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

எனவே அளக்கிறவர்களே, கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவந்து வாசித்துக் காட்டிக் கேளுங்கள், மேஸ்திரி பக்கத்தில் இல்லாமல் கேளுங்கள். உன்னை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? யார் குடிக்கும் குடத்தில் நீ தண்ணீர் எடுக்கலாம்? மூன்று தடுப்பூசியும் போட்டார்களா? ஊசி குத்தினால் உன் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? இந்தக் கட்டில் இன்னும் சுத்தமாகவில்லை, நோயாளியை ஏற்றாதீர்கள் என்று நீ சொன்னால் டாக்டர் நிற்பாரா?

இந்த ஐந்துக்கும் வரும் பதில்தான் அந்த மருத்துவமனையின் உண்மையான மதிப்பெண். அதை நுழைவாயிலில் எழுதி மாட்டுங்கள். அந்தக் கட்டிலில் படுக்கப்போவதும் நாங்கள்தான், அதைத் துடைப்பதும் நாங்கள்தான்.

ஜெய் பீம்!