சுரண்டாதீங்க சாமி!

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தயாராகிட்டிருந்தது. பிராகாரத்துக் கருங்கல் சுவரை மெஷின் வெச்சு மணலைப் பீய்ச்சியடிச்சு 'சுத்தம்' பண்ணியிருக்காங்க. சின்ன வயசுல என்ன எழுத்துன்னே தெரியாம விரலால தடவிப் பார்த்த கல்வெட்டு வரிகள் மழுங்கிப் போச்சு. திருப்பணிக் குழுவுல இருக்குற பெரியப்பாகிட்ட கேட்டா, "கல்லு எப்படிப் பளிச்சுனு இருக்கு பாருடா"ங்கிறார். ஹூம்!

பழைய கட்டடங்களைக் காப்பாத்துறதுன்னா இடிக்கிறவனோட சண்டை போடுறதுன்னுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு அப்படி இல்லை மக்களே. 1877-ல் இங்கிலாந்துல வில்லியம் மோரிஸ் பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பிச்சது முக்கியமா 'புதுப்பிக்கிற'வங்களுக்கு எதிரா! டியூக்ஸ்பரி தேவாலயத்துல கில்பர்ட் ஸ்காட் என்ற பிரபல கட்டடக்கலைஞர் செய்யவிருந்த சீரமைப்புதான் உடனடிக் காரணம். சுவர்ல இருக்குற பழைய பூச்சைச் சுரண்டி எடுக்குறது அன்னைக்கு அங்கே ஃபேஷன். அதனால சங்கத்தோட செல்லப்பெயரே 'சுரண்டல் எதிர்ப்பு' :-)

அவங்க கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஒழுகுற கூரையை அடை, சாயுற சுவருக்கு முட்டுக் கொடு, மத்ததுல கை வைக்காதே. 1964 வெனிஸ் சாசனமும், ஊகம் ஆரம்பிக்கிற இடத்துல சீரமைப்பு நின்னுடணும்னு சொல்லுது.

"கோயில் என்ன மியூசியமா? தினமும் பூஜை நடக்குற இடம், புதுப்பிக்கத்தானே வேணும்?"னு கேட்பீங்க. டியூக்ஸ்பரியிலயும் அன்னைக்கு வழிபாடு நடந்தது, இன்னைக்கும் நடக்குது. கும்பாபிஷேகம் வேணாம்னு யார் சொன்னா? எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணி ஊத்தி, நார் பிரஷ்ஷால தேய்ச்சு எடுக்கலாம். நாளாகும், அவ்வளவுதான்.

நான் பொட்டி தட்டுற ஆளு. யாருக்கும் புரியாத பழைய நிரலைக்கூட பேக்கப் எடுக்காம அழிக்க மாட்டோம். அந்தக் கல்வெட்டை யாராவது படியெடுத்து வெச்சாங்களான்னு கேட்டேன். பெரியப்பாவுக்குத் தெரியலை.

உங்க ஊர்க் கோயில்ல பாலாலயம்னு கேள்விப்பட்டா, மெஷின் வர்றதுக்கு முன்னாடி போய் நில்லுங்க. முதல்ல சுவரை முழுசா போட்டோ எடுங்க. அப்புறம் குழுவுல இருக்குற பெரியவங்ககிட்ட தைரியமா வாயைத் திறங்க. நான் ஒரு மாசம் லேட்.

எங்க கோயில் சுவர்ல இப்போ புதுசா ஒரு சலவைக்கல் பதிச்சிருக்காங்க. திருப்பணி உபயதாரர்கள் பட்டியல். அது மட்டும் ரொம்பத் தெளிவா இருக்கு.