மணமும் மகுடமும்

அரச குலத்தார் மேலதிகாரிகளின் அனுமதியின்றி விவாகம் செய்துகொண்டால் பட்டத்தை இழக்க வேண்டுமா என்னும் கேள்வியைத் தூரதேசத்துச் சமாசாரமென்று பலர் எண்ணக்கூடும். சிக்கல் முதலிய சேதுச் சீமை ஊர்களிலுள்ள நம் நேயர்கள் அவ்வாறு எண்ணுவதற்கில்லை. மறவர் குலத்தவரான கிழவன் சேதுபதி, கள்ளர் குலத்துக் காதலி என்னும் மாதை மணந்து, அவளுடைய சகோதரர் ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைச் சீமைக்கு அதிபதியாக்கினார். குலம் கடந்த விவாகத்தை ஒட்டி எழுந்த அந்தச் சமஸ்தானத்திலேயே, பிற்காலத்தில் ஒரு விவாகம் பெருங் குற்றமாகக் கருதப்பட்டது.

1915-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், மாலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலிய மாதை மெல்போர்ன் நகரில் மணந்தார். இந்திய அரசர் வெள்ளைக்காரப் பெண்ணை மணப்பது பிரிட்டிஷ் சர்க்காருக்குப் பொறுக்கவில்லை. அம்மாதை ராணியென்று அங்கீகரிக்க மறுத்தனர். 1916-இல் பிறந்த புதல்வனுக்குப் பட்டத்தில் பாத்தியதை இல்லையென்றனர். 1922-இல் ஆட்சி ராஜப்பிரதிநிதியின் கைக்குச் சென்றது. மன்னர் வெளிநாட்டிலேயே வசித்து 1928-இல் காலமானார். பட்டம் அக்குலத்துச் சிறுவரான ராஜகோபாலத் தொண்டைமானை அடைந்தது.

மன்னரின் நடத்தை முழுவதையும் ஆதரித்து வாதிக்க நாம் முன்வரவில்லை. பிரஜைகளின் வரிப்பணத்தில் வாழ்பவர் அவர்களைப் பிரிந்து கடல் கடந்து வசிப்பது ராஜதருமமன்று. ஆனால், அதற்குக் கணக்குக் கேட்க வேண்டியவர் புதுக்கோட்டைப் பிரஜைகளே. முடிவு செய்யும் அதிகாரமோ அந்நிய சர்க்காரிடம் இருந்தது. ஹாலந்து தேசத்து இளவரசர் ஃபிரிஸோ 2004-இல் பார்லிமெண்டின் சம்மதமின்றி மணந்து, அரியணை உரிமையை இழந்தார். அச்சட்டத்தின் கடுமையைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். அது அந்நாட்டு ஜனங்களின் பிரதிநிதிகள் இயற்றிய சட்டம் என்பதில் ஐயமில்லை.

பட்டம் ஜனங்கள் ஒப்படைத்த பொதுச் சொத்து. அதை வகிப்பவருக்கு நிபந்தனை விதிக்க ஜனங்களுக்கு உரிமையுண்டு. பட்டமில்லாத சாமானியருக்கு அத்தகைய நிபந்தனை விதிக்க எவருக்கு உரிமையுண்டு?

1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் இந்நாட்டு மன்னர்களின் பட்டங்களையும் மானியங்களையும் ஒழித்தது. மன்னர்கள் போனபின்னும், அவர்களுக்கு அனுமதி வழங்கிவந்த மேலதிகாரியின் மனோபாவம் நம் கிராமங்களை விட்டுப் போகவில்லை. 21 வயதான ஆடவனும் 18 வயதான பெண்ணும் பெற்றோர் சம்மதமின்றியே மணக்கலாமென 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் கூறுகிறது. வயதுவந்த இருவரின் மணத்தில் ஜாதிப் பஞ்சாயத்துகள் தலையிடுவது சட்டவிரோதமென்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், ஜாதி மாறி மணந்த பிள்ளைகளைப் பெற்றவர்களே வதைக்கும் கொடுமை நம் நாட்டில் ஓயவில்லை. மன்னருக்குப் போனது பட்டம். இப்பிள்ளைகளுக்குப் போவதோ உயிர்.

கிழவன் சேதுபதியின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் சேதுச் சீமைப் பெரியோர், அவர் தொண்டைமான் குலத்தில் பெண் கொண்டதையும் நினைவுகூர்ந்து, தம் பிள்ளைகளின் மணத்துக்கு ஆசி கூறுவார்களாக. ஆசி கூற மனம் வராவிடின், வழிவிட்டேனும் நிற்பார்களாக.