பொரியல் யார் வேலை?

மாலையில் கல்யாண் பக்கம் போகும் லோக்கல் வண்டிகளின் பெண்கள் பெட்டியில், உட்கார இடம் கிடைத்தவர்கள் மடியில் பையை விரித்துப் பட்டாணி உரிப்பார்கள், கீரை ஆய்வார்கள், பீன்ஸ் நார் எடுப்பார்கள். "மும்பைப் பெண்களின் சுறுசுறுப்பே தனி" என்று இதை மெச்சுவோர் உண்டு. மெச்ச இதில் என்ன இருக்கிறது? நாள் முழுதும் ஆபீசில் உழைத்தவளுக்கு ரயிலிலும் ஓய்வில்லை என்பதல்லவா இதன் பொருள்?

நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஆயினும் இரவில் காய் செய்வது மனைவியின் பொறுப்பாகவே இருக்கிறது. அவளுக்கு முடியாத நாளில் ஊறுகாயும் அப்பளமும்தான் தட்டில் விழுகின்றன. தினம் 400 கிராமாவது காய்கறி, பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதியாவது நம் தட்டுக்கு வருகிறதா?

"எனக்குச் சமையல் தெரியாது" என்பது ஆண்களின் பழைய பதில். மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீட்டில் இந்தப் பதில் செல்லாது. பால் காய்ச்சவும் பழைய சாம்பாரைச் சூடாக்கவும் மட்டுமா அதை வாங்கினோம்?

பாவ் கிலோ பீன்ஸைப் பொடியாக நறுக்கி, அந்த அடுப்புக்கு ஏற்ற கண்ணாடிக் கிண்ணத்தில் போடுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஆவி போக இடம் விட்டு மூடி, 800 வாட்டில் ஐந்து நிமிஷம் வையுங்கள். கிளறிவிட்டு மேலும் மூன்று நிமிஷம். வெந்ததும் உப்பு. கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றலை மட்டும் தாளிப்புக் கரண்டியில் கேஸ் அடுப்பில் தாளித்துக் கொட்டி, தேங்காய்த் துருவல் தூவினால் பொரியல் தயார். முட்டைக்கோஸ், காரட்டுக்கும் இதே முறைதான். எவர்சில்வர் பாத்திரமும், ஓட்டலில் பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாவும் உள்ளே போகக் கூடாது.

"அந்த அலை உடம்புக்குக் கெடுதல்" என்று சிலர் பயப்படுகிறார்கள். காயிலுள்ள நீரை அசைத்துச் சூடேற்றுவதே அந்த அலையின் வேலை. கதவைத் திறந்ததும் அலை நின்றுவிடும். காயில் எதுவும் தங்குவதில்லை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதைவிட, இதில் வைட்டமின் சி குறைவாகவே வீணாகிறது. மின்சாரமும் அதிகமில்லை. 1200 வாட் இழுக்கும் அடுப்பு எட்டு நிமிஷம் ஓடினால், செலவு ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான்.

தாராவியில் ஒரே அறையில் பலர் தங்கி உழைக்கும் தம்பிமார்கள், "எங்களுக்கு இந்த அடுப்பு எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களில் பலர் ஸ்டவ்வை மூட்டி முறை வைத்துத் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். கல்யாணமானதும் அந்தக் கை எப்படி மறந்துபோகிறது?

என்னைப் போல் ஷிப்டு டியூட்டி பார்ப்பவர்கள் சில நாட்களில் மனைவிக்கு முன்பே வீடு திரும்புகிறோம். முதலில் வருபவர் காயை வைக்கட்டும். இதை யாரும் மனைவிக்குச் செய்யும் உதவி என்று பெருமை பேச வேண்டாம். சாப்பிடுவது இருவரும்தானே!