வீதியில் ஓடும் நெருப்பு

சமையலுக்கு எரிவாயு வேண்டும். வாகனத்துக்குப் பெற்றோல் வேண்டும். குடிநீரைச் சுத்திகரிக்கக் குளோரின் வேண்டும். வயலுக்குக் கிருமிநாசினி வேண்டும். இவற்றில் பெரும்பகுதி நம் ஊர்களுக்கு வீதி வழியாகவே வந்து சேர்கிறது. கொலன்னாவையில் நிரப்பிக்கொண்டு வரும் பவுசர் ஒன்று கடுகண்ணாவை ஏற்றத்தில் நமது பஸ்ஸுக்கு முன்னால் ஊர்ந்து செல்வதைப் பார்த்துப் பழகிவிட்டோம். பழகிப்போனதாலேயே அதன் ஆபத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2017 ஜூன் 25ஆம் திகதி அதிகாலையில், பாகிஸ்தானின் பஹாவல்பூர் மாவட்டத்தில் அஹ்மத்பூர் ஷர்கியா என்ற ஊருக்கு அருகே பெற்றோல் பவுசர் ஒன்று நெடுஞ்சாலையில் குடைசாய்ந்தது. மறுநாள் அங்கு நோன்புப் பெருநாள். சிந்திய பெற்றோலைச் சேகரிக்க அயல் கிராமத்து மக்கள் வாளிகளோடும் போத்தல்களோடும் ஓடி வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். சற்று நேரத்தில் தீப்பற்றியது. 200க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. காயப்பட்டவர்களில் பலரைத் தூரத்திலுள்ள முல்தான் நகருக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

இச்சம்பவத்தைப் பற்றிப் பேசும் பலர், “பேராசைதான் அவர்களைக் கொன்றது” என்று முடித்துவிடுகிறார்கள். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. வறுமையில் வாழ்பவருக்கு ஒரு வாளி பெற்றோல் பெருநாள் செலவுக்கான காசு. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும் என்பதையும், ஒரு சிறு பொறி அதற்குப் போதும் என்பதையும் அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்நாட்டின் எண்ணெய், எரிவாயு ஒழுங்குமுறை அதிகாரசபை விசாரணை நடத்தியபோது, அந்தப் பவுசரே விதிக்கு அமைவானதல்ல என்று தெரியவந்தது. அவ்வளவு சுமைக்கு 5 அச்சுகள் வேண்டிய இடத்தில் 4 அச்சுகளே இருந்தன. அப்படியானால் குற்றம் கிராமத்து மக்கள் வாளியைத் தூக்கிய நேரத்தில் தொடங்கவில்லை. அந்த வாகனத்தில் பெற்றோலை நிரப்பி அனுப்பிய நேரத்திலேயே தொடங்கிவிட்டது.

இது வறிய நாடுகளின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1978 ஜூலை 11ஆம் திகதி ஸ்பெயினில், லொஸ் அல்பாகெஸ் என்ற கடற்கரை முகாமுக்கு அருகில் புரொப்பிலீன் ஏற்றிய கொள்கலன் லொறி ஒன்று வெடித்தது. விடுமுறைக்கு வந்திருந்த 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 19 தொன் மட்டுமே ஏற்ற வேண்டிய கொள்கலனில் 23 தொன்னுக்கும் அதிகமாக ஏற்றப்பட்டிருந்தது. அமுக்கத்தை வெளியேற்றும் வால்வும் அதில் இருக்கவில்லை.

கொள்கலனில் சிறிதளவு வெற்றிடம் விட வேண்டும் என்ற விதி வீணானதல்ல. வெயிலில் திரவம் விரிவடையும். விரிவடைய இடமில்லாவிட்டால் அது கொள்கலனின் சுவரை நெருக்கும். திரவம் உள்ளே அலைமோதுவதால் வளைவுகளில் பவுசர் எளிதில் சரியும். அதனால்தான் வேகக் கட்டுப்பாடும் உள்ளே தடுப்புகளும் அவசியமாகின்றன. பெற்றோல் இறக்கும்போது பூமியோடு கம்பி தொடுப்பது நிலைமின் பொறியைத் தவிர்ப்பதற்காக. இவற்றில் ஒன்றைத் தவிர்த்தால் சில நிமிடங்களோ சில ஆயிரம் ரூபாய்களோ மிச்சமாகும். நூறு தடவை ஒன்றும் நடக்காது. அந்த நூறு தடவைகள்தாம் நம்மைத் துணிச்சல்காரர்களாக ஆக்குகின்றன.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கான்களிலும் தண்ணீர்ப் போத்தல்களிலும் பெற்றோலை வாங்கி வந்து வீட்டுக்குள் சேமித்தவர்கள் பலர். எரிவாயு சிலிண்டரை முச்சக்கர வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வருவதை இன்றும் காண்கிறோம். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சரிந்து கிடந்தால் வால்வின் வழியே ஆவிக்குப் பதிலாகத் திரவம் கசியலாம். கசியும் திரவம் ஏறத்தாழ 250 மடங்கு ஆவியாக விரியும். அந்த ஆவி காற்றை விடப் பாரமானது. அது மேலே போகாமல் தாழ்வான இடங்களில் தேங்கும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நமக்கு அல்லாஹ்வின் தூதர் (ஸல்) கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒரு முள்ளை அகற்றுவதற்கே இவ்வளவு சிறப்பு என்றால், பாதையில் நெருப்பைக் கொண்டு செல்பவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது! பிறருடைய உயிர் அவருடைய கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

எனவே சிலவற்றைக் கேட்பது நமது உரிமை. ஆபத்தான பொருள் ஏற்றிய வாகனம் ஒவ்வொன்றிலும் அது என்ன பொருள் என்பதைக் காட்டும் குறியீடு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பல நாடுகளில் செம்மஞ்சள் பலகையில் 33, 1203 என்ற இலக்கங்களைக் கண்டதும் அது பெற்றோல் என்று தீயணைப்பு வீரர் அறிந்துகொள்வார். சாரதிக்கு விசேட பயிற்சியும் போதிய ஓய்வும் வேண்டும். சோதனை, விபத்து நடந்த பிறகு அல்லாமல் வாகனம் புறப்படும் வாயிலிலேயே நடக்க வேண்டும். பிடிபட்டால் சாரதியோடு மட்டும் நிறுத்தாமல், சுமையேற்றி அனுப்பிய முதலாளியிடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

பெற்றோரிடமும் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். பவுசர் ஒன்று குடைசாய்ந்ததைக் கண்டால் அருகில் போகாதீர்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். காற்று வீசும் திசைக்கு எதிராக விலகிச் சென்று 110க்கு அழையுங்கள். கூடி நிற்பவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். அஹ்மத்பூரில் அன்று வாளியோடு ஓடியவர்களுக்குத் தெரியாமல் போனது நம் தம்பி, தங்கைகளுக்காவது தெரிந்திருக்கட்டும்.